பல மொழி, பல சமூகம், ஒரே சங்கம்: அதிகாரத்தைப் பங்கிட எந்த வழி?

குடியிருப்போர் சங்கம், தொழிற்சங்கம், கூட்டுறவு, பெற்றோர் சங்கம் எதுவானாலும் தேர்தல் நெருங்கும்போது ஒரே பேச்சுதான். தமிழ், தெலுங்கு, மலையாளம், இந்தி பேசுபவர்கள் இருக்கிறார்கள். மூன்று மதத்தவர் இருக்கிறார்கள். ஆனால் கமிட்டியில் எப்போதும் ஒரே வட்டத்து ஆட்கள். "எங்களுக்கு ரெண்டு சீட் ஒதுக்குங்க" என்கிறது ஒரு தரப்பு. "சாதி மதத்தை இங்கே கொண்டுவராதீங்க" என்கிறது இன்னொரு தரப்பு. "வருஷத்துக்கு ஒருத்தர்னு சுத்தி வரட்டும், சண்டையே இருக்காது" என்று நடுவில் ஒருவர் சொல்வார்.

மூவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எந்த நிலைமைக்கு எந்த வழி பொருந்தும், எதில் என்ன செலவு ஒளிந்திருக்கிறது என்று பார்க்காமல் வேட்புமனு நாளில் அவசரமாக ஒன்றை எடுத்துக்கொள்வதில்தான் கோளாறு. பைலா (சங்க விதிகள்) திருத்த உட்காரும் நண்பர்களுக்காக ஐந்து வழிகளை இங்கே எடை போட்டுப் பார்க்கிறேன். இவற்றில் பல, நாடுகளே பரீட்சித்துப் பார்த்தவை. அங்கே பட்ட பாட்டை நாமும் படவேண்டியதில்லை.

எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி: பெரிய பிரிவின் பெருந்தன்மையை நம்பாமலே சிறிய பிரிவுக்கு இடம் கிடைக்குமா?

இரண்டாவது கேள்வியைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். கிடைக்கிற இடத்தோடு கூட என்ன வருகிறது? செக்கில் இரண்டாவது கையெழுத்து யாருடையது? அஜெண்டாவை யார் எழுதுகிறார்கள்? மினிட்ஸ் புத்தகம் யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது, எந்த மொழியில் எழுதப்படுகிறது? டெண்டர் கவரை யார் பிரிக்கிறார்கள்? வாட்ஸ்ஆப் குழுவுக்கு யார் அட்மின்? கூட்ட நேரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு காலை 10 மணிக்கு வைத்தால் கிறிஸ்தவக் குடும்பங்கள் தேவாலயத்தில் இருக்கும். வெள்ளி மதியம் என்றால் ஜும்மா தொழுகை. இரவு 8 மணி என்றால் அடுப்படி வேலை முடியாத பெண்கள் வரமாட்டார்கள். நேரத்தைக் குறிப்பவர் கையில் முடிவின் பாதி போய்விடுகிறது.

2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டை ஊராட்சிக் கூட்டத்தின் படம் ஒன்று வெளியானது. தலைவரான ஆதிதிராவிடப் பெண் தரையில் உட்கார்ந்திருந்தார், மற்றவர்கள் பலர் நாற்காலியில். சட்டப்படி அவர்தான் அந்தக் கூட்டத்தின் தலைவர். இடத்தை மட்டும் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காமல் வைத்திருக்க முடியும் என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

மூன்றாவது, மனிதர்மேல் முத்திரை குத்தாமல் நடக்குமா? அப்பா மலையாளி, அம்மா தமிழ் என்றால் அந்த வீடு எந்தப் பட்டியலில் சேரும்? நான்காவது, லிஃப்ட் பழுதானால் ஒரு வாரத்தில் முடிவு எடுக்க முடியுமா? ஐந்தாவது, நிலைமை மாறினால் விதியையும் மாற்ற வழி இருக்கிறதா?

ஒன்று: ஓட்டுப் போடும் முறையை மட்டும் மாற்றுவது

பலர் இதை ஒரு வழியாகவே நினைப்பதில்லை. கணக்கைப் பாருங்கள். 200 ஓட்டு, 7 இடம் உள்ள சங்கம் என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான இடங்களில் ஒருவர் ஏழு பேருக்கு டிக் போடலாம். 110 பேர் ஒரே பட்டியலுக்குப் போட்டால் ஏழு இடமும் அவர்களுக்கே போகும். மீதி 90 பேருக்கு ஒன்றும் கிடைக்காது. யாரும் யாருக்கும் துரோகம் செய்யவில்லை. ஓட்டுச்சீட்டின் அமைப்பே அப்படி.

இதையே ஒருவருக்கு ஒரே ஓட்டு என்று மாற்றுங்கள். 26 பேர் சேர்ந்து ஒருவருக்குப் போட்டால் அவர் கட்டாயம் வந்துவிடுவார். அவரைத் தோற்கடிக்க இன்னும் ஏழு பேருக்குத் தலா 26 ஓட்டாவது வேண்டும். மொத்தம் 208 ஆகிவிடும், இருப்பதோ 200தான். யாருடைய மொழியையும் மதத்தையும் எழுதிவைக்கத் தேவையில்லாமலே சிறு பிரிவு உள்ளே வந்துவிடும். தண்ணீர் வராத மாடிக்காரர்கள் ஒரு பிரிவாகச் சேர்ந்தாலும் இதே வழி அவர்களுக்கும் உதவும். அது எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

ஒளிந்திருக்கும் செலவு ஓட்டுச் சிதறல். முப்பது பேர் உள்ள பிரிவில் மூன்று பேர் நின்றால் மூவருமே தோற்கலாம். இதைத் தடுக்க விருப்ப வரிசை போடும் ஒற்றை மாற்று வாக்கு முறை இருக்கிறது. அதில் தோற்பவருக்கு விழுந்த ஓட்டு, அதைப் போட்டவரின் அடுத்த விருப்பத்துக்குப் போய்விடும். மாநிலங்களவைத் தேர்தல் அப்படித்தான் நடக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 163, இயக்குநர்களையும் விகிதாசார முறையில் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. ஆனால் எண்ணத் தெரிந்த, எல்லாரும் நம்புகிற ஒருவர் வேண்டும்.

இன்னொன்று: இந்த முறை ஆளை உள்ளே கொண்டுவருவதோடு நின்றுவிடும். கூட்டத்தில் ஒவ்வொரு தீர்மானமும் 5க்கு 2 என்று முடிந்தால் அந்த இரண்டு பேருக்கு என்ன மிஞ்சும்?

உறவு இன்னும் கெட்டுப்போகாத சங்கத்துக்கு, அதுவும் பிரிவு பிரிவாகப் பேசவே பலர் கூசுகிற இடத்துக்கு, இதுதான் முதல் மருந்து.

இரண்டு: ஒதுக்கீட்டு இடங்கள்

ஒதுக்கீடு வேலை செய்யாது என்பவர்களுக்கு ஒரு பதில் முதலில். பொருளாதார அறிஞர்கள் ராகபேந்திர சட்டோபாத்யாயும் எஸ்தர் டஃப்லோவும் மேற்கு வங்கத்திலும் ராஜஸ்தானிலும் ஊராட்சிகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்டார்கள். தலைமைப் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊர்களில் குடிநீருக்குக் கூடுதலாகச் செலவிடப்பட்டிருந்தது. குடத்தைச் சுமப்பவர் கையில் அதிகாரம் வந்ததும் பணம் போகும் திசை மாறியது.

சரி, அப்படியானால் எல்லா இடத்திலும் ஒதுக்கிவிடலாமா? மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளை நினைத்துப் பாருங்கள். 1996இல் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அங்கே முறையான தலைவர் இல்லை. மனு தாக்கல் செய்ய ஆள் வராது, அல்லது வென்றவர் உடனே ராஜினாமா செய்வார். 2006இல்தான் நிலைமை மாறியது. மேலவளவில் இன்னும் கொடுமை. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனும் உடன் இருந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நம் சங்கங்களில் அந்த அளவுக்குப் போகாது என்று நம்புகிறேன். ஆனால் பெரும்பான்மை மனதார ஏற்காத ஒதுக்கீட்டில் உட்காரும் ஆள் தனியாளாகிவிடுவார் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தும். அவருக்குத் துணையாக விதியும் ஆட்களும் இல்லாமல் அவரை அந்த நாற்காலிக்கு அனுப்புவது கொடுமை.

அடுத்து, ஒதுக்கீட்டில் பலரும் கேட்க மறக்கும் கேள்வி: அந்த இடத்துக்கு யார் ஓட்டுப் போடுவது?

எல்லாரும் போட்டால், பெரும்பான்மைக்குப் பிடித்த, அதிகம் கேள்வி கேட்காத சிறுபான்மை ஆள் வருவார். அந்தப் பிரிவினர் மட்டும் போட்டால், அவர்களின் உண்மையான குரல் வரும். ஆனால் அவருக்கு மற்றவர்களிடம் போய்ப் பேச வேண்டிய தேவையே இருக்காது. இந்தச் சிக்கல்தான் 1932இல் அம்பேத்கரையும் காந்தியையும் எதிரெதிரே நிறுத்தியது. பிரிட்டிஷ் அரசின் அறிவிப்பில் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மாகாணச் சட்டமன்றங்களில், அவர்கள் மட்டுமே ஓட்டுப்போடும் 71 இடங்கள் இருந்தன. காந்தி எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். செப்டம்பர் 24 அன்று கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் இடங்கள் 148 ஆயின, தனி வாக்காளர் தொகுதி போனது. அந்த அழுத்தத்தின் நியாயத்தைப் பற்றி அம்பேத்கர் கடைசிவரை கசப்போடுதான் எழுதினார். அவருடைய பக்கம் நிற்காமல் இதைப் படிக்க என்னால் முடிவதில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது, இன்று பேசப்படுவதே இல்லை. ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு இடத்துக்கும் முதலில் அந்த வகுப்பினர் மட்டும் ஓட்டுப்போட்டு நான்கு பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிறகு அந்த நால்வரில் ஒருவரை எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். இது பத்து ஆண்டுகளுக்கு மட்டும் என்று வரம்பும் இருந்தது. நாடு முழுக்க நடத்தச் செலவும் சிரமமும் அதிகம். இருநூறு வீட்டுச் சங்கத்துக்கு ஒரு மாலை போதும். சொந்தப் பிரிவின் நம்பிக்கையும் மற்றவர் சம்மதமும் இரண்டும் உள்ள ஆள் வருவார். ஒதுக்கீடு என்று முடிவு செய்தால் இந்த இரண்டடுக்கு முறையை எடுத்துக்கொள்ளுங்கள்.

முத்திரைச் சிக்கலுக்கு வருவோம். போஸ்னியாவில் போரை முடித்த 1995 டேட்டன் ஒப்பந்தப்படி அதிபர் பதவியில் மூவர் இருக்கவேண்டும்: ஒரு போஸ்னியாக், ஒரு குரோவட், ஒரு செர்ப். ரோமா இனத்தவரான செய்திச்சும் யூதரான ஃபின்ச்சியும் இந்த மூன்றிலும் சேராததால் போட்டியிடவே முடியவில்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2009இல் அது பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. பட்டியல் போடும்போது "மற்றவர்" என்று ஒரு இடமாவது வையுங்கள். யார் எந்தப் பிரிவு என்பதை அவரவரே சொல்லட்டும், கமிட்டி தீர்மானிக்க வேண்டாம்.

லெபனான் சொல்லும் எச்சரிக்கை வேறு மாதிரி. 1932 மக்கள்தொகைக் கணக்கை வைத்து நாடாளுமன்றத்தில் கிறிஸ்தவர் ஆறு, முஸ்லிம் ஐந்து என்ற விகிதம் போட்டார்கள். மக்கள்தொகை மாறியது, விகிதம் மாறவில்லை. 1975இல் தொடங்கிய உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1989 தாயிஃப் உடன்பாட்டில்தான் சரிபாதி ஆனது. 1932க்குப் பிறகு இன்னொரு கணக்கெடுப்பு அங்கே நடக்கவே இல்லை. எண்ணிப் பார்க்கவே பயம்.

மூன்று: சுழற்சி

தலைவர் பதவி இந்த வருடம் ஒரு பிரிவுக்கு, அடுத்த வருடம் இன்னொரு பிரிவுக்கு. விளக்க எளிது, பொதுக்குழுவில் சீக்கிரம் நிறைவேறும். சுவிட்சர்லாந்தில் ஏழு பேர் கொண்ட கூட்டாட்சி அவையில் அதிபர் பதவி ஆண்டுதோறும் கைமாறுகிறது, அரசு தடுமாறுவதில்லை. காரணம், அங்கே அதிபருக்குத் தனி அதிகாரம் மிகக் குறைவு. ஏழு பேரும் கூட்டாகவே முடிவெடுக்கிறார்கள். நம் சங்கங்களிலோ தலைவரும் செயலாளரும்தான் எல்லாம். அப்படியிருக்கச் சுழற்றினால், புதியவர் ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு) ஒப்பந்தம் எங்கே இருக்கிறது என்று தேடி முடிப்பதற்குள் வருடம் முடிந்துவிடும்.

அப்போது அதிகாரம் யாரிடம் போகும்? மாறாமல் உட்கார்ந்திருக்கும் மேனேஜரிடமும், எல்லா பாஸ்வேர்டும் தெரிந்த பழைய செயலாளரிடமும். இதுதான் சுழற்சியின் பெரிய மறைமுகச் செலவு.

இதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அமைச்சரவைத் தலைமை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும். ஆனால் அடுத்தடுத்து வரும் மூன்று நாடுகள் சேர்ந்து 18 மாதத்துக்கான வேலைத்திட்டம் போடும். நம் அளவில், போன வருடத் தலைவர், இப்போதையவர், அடுத்து வருபவர் மூவரும் கமிட்டியில் இருந்தாலே போதும். தமிழ்நாட்டு ஊராட்சிகளில் ஒதுக்கீடு ஒரே இடத்தில் இரண்டு தவணை நிற்கும் என்ற ஏற்பாட்டின் அருமையும் இதுதான். வேலை கற்றுக்கொண்டவருக்கு அதைச் செய்து காட்ட ஒரு தவணை கிடைக்கும்.

பிரிவுகள் ஏறத்தாழ சம அளவில் இருந்தால் சுழற்சி நன்றாகப் போகும். ஒரு பிரிவு 150 வீடு, இன்னொன்று 15 வீடு என்றால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

நான்கு: வீட்டோ

"எங்களைப் பாதிக்கும் விஷயத்தில் நாங்கள் சம்மதிக்காமல் முடிவு கூடாது." இது நியாயமான கோரிக்கை, ஆபத்தான கருவியும்கூட.

வட அயர்லாந்தில் 1998 அமைதி ஒப்பந்தப்படி சட்டமன்றத்தில் 'கவலை மனு' என்ற ஏற்பாடு வந்தது. 30 உறுப்பினர் கையெழுத்திட்டால், இரு சமூகத்தவரின் (பிரிட்டனோடு இருக்க விரும்புபவர், அயர்லாந்தோடு சேர விரும்புபவர்) ஆதரவும் இல்லாமல் அந்தத் தீர்மானம் நிறைவேறாது. சிறுபான்மையைக் காக்க வந்த கேடயம். ஆனால் 2015 நவம்பரில் ஒருபால் திருமணத் தீர்மானம் 53க்கு 52 என்று பெரும்பான்மை பெற்றும் இந்த மனுவால் தடுக்கப்பட்டது. இரு சமூகங்களுக்கு இடையிலான பிரச்சினையே இல்லாத ஒன்றில் ஒரே கட்சி இதைப் பயன்படுத்தியது. குறைந்தது இரண்டு கட்சிகள் சேர்ந்தால்தான் மனு செல்லும் என்று 2020இல் ஒப்புக்கொண்டு, 2022இல் சட்டமாக்கினார்கள்.

பெல்ஜியத்தின் வழி எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே பிரதமர் நீங்கலாக, டச்சு பேசும் அமைச்சர்களும் பிரெஞ்சு பேசும் அமைச்சர்களும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். நாடாளுமன்றத்தில் ஒரு மொழிக் குழுவின் முக்கால் பங்கினர் கையெழுத்திட்டால் ஒரு மசோதா நின்றுவிடும், ஆனால் சாகாது. 30 நாளுக்குள் அமைச்சரவை அதைப் பரிசீலித்துக் கருத்துச் சொல்ல வேண்டும். பட்ஜெட்டுக்கு இந்த உரிமை கிடையாது. இதை அவர்கள் மிக அபூர்வமாகவே எடுத்திருக்கிறார்கள். அது இருக்கிறது என்பதாலேயே முன்கூட்டிப் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள்.

உங்கள் பைலாவிலும் அப்படியே செய்யலாம். எந்தெந்த விஷயத்தில் வீட்டோ உண்டு என்று பட்டியல் போடுங்கள். பொது இடத்தில் வழிபாடு, பண்டிகைக்குச் செலவு, சமையல் வாசனை, பலியிடுவது, செல்லப்பிராணி, கூட்டத்தின் மொழி ஆகியவை போதும். மெயின்டனன்ஸ், லிஃப்ட், தண்ணீர், சம்பளம் இந்தப் பட்டியலுக்குள் வரவே கூடாது. தடையும் 30 நாளோடு முடியட்டும்.

ஐந்து: சீட்டுக் குலுக்கல்

இது நம் ஊர்ச் சரக்கு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுகள் முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921ஆம் ஆண்டுகள். ஊர் முப்பது குடும்புகளாக (வார்டுகளாக) பிரிக்கப்பட்டது. தகுதியானவர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். முந்தைய மூன்றாண்டுக்குள் வாரியத்தில் (நிர்வாகக் குழுவில்) இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகாது. கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் விலக்கப்பட்டார்கள். பிரச்சாரம் இல்லை, கூட்டணி இல்லை, ஓட்டுக்குச் சாப்பாடு இல்லை.

பெருமைப்படலாம். ஆனால் அந்தக் குடத்துக்குள் யார் பெயர் போனது என்றும் பார்க்க வேண்டும். அது பிராமணர் சபை. வேலி என்ற நில அளவில் கால் பங்குக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்குள் வயது, வேதப் படிப்பு எல்லாம் வேண்டும். பெண் பெயர் இல்லை, உழுதவர் பெயர் இல்லை. குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், பட்டியல் தயாரிக்கும் இடத்திலேயே அதிகாரம் பங்கிடப்பட்டு முடிந்துவிட்டது. இன்று வாடகைக்காரரை விட்டுவிட்டுச் சீட்டுப் போடும் சங்கமும் அதையேதான் செய்கிறது.

செயலாளர், பொருளாளர் பதவிகளுக்குக் குலுக்கல் சரிவராது. நேரமும் திறமையும் வேண்டும். புகார் விசாரிக்கும் குழு, கணக்குத் தணிக்கைக் குழு, பார்க்கிங் ஒதுக்கீட்டுக் குழு ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. யாருக்கும் கடன்படாதவர்கள் அங்கே உட்கார வேண்டும்.

| வழி | எங்கே பொருந்தும் | மறைமுகச் செலவு |
|---|---|---|
| ஒருவருக்கு ஒரே ஓட்டு | உறவு கெடாத சங்கம், நடுத்தர அளவுப் பிரிவுகள் | ஓட்டுச் சிதறல், மிகச் சிறு பிரிவு விடுபடும் |
| ஒதுக்கீடு | நீண்டகாலம் வெளியே வைக்கப்பட்ட பிரிவு | முத்திரை, தனியாளாகும் நிர்வாகி, காலாவதியாகாத விகிதம் |
| சுழற்சி | சம அளவுப் பிரிவுகள், கூட்டாக முடிவெடுக்கும் கமிட்டி | அனுபவம் சேராது, மேனேஜர் கையில் அதிகாரம் |
| வீட்டோ | மதம், மொழி, உணவு சார்ந்த முடிவுகள் | முடக்கம், வேறு சண்டைக்கு ஆயுதம் ஆவது |
| குலுக்கல் | விசாரணை, தணிக்கை, ஒதுக்கீட்டுக் குழுக்கள் | திறமைக்கு உறுதியில்லை, பட்டியலில் இல்லாதவர் |

நான் எதைச் சொல்வேன்

பேச்சுவார்த்தை இன்னும் இருக்கிற சங்கமா? ஒருவருக்கு ஒரே ஓட்டு, தணிக்கைக்குக் குலுக்கல். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரு பிரிவு வருடக்கணக்கில் வெளியே நின்றிருந்தால் அது போதாது. பிற மாநிலத் தொழிலாளர் நிறைய உள்ள தொழிற்சங்கம் ஒரு நல்ல உதாரணம். ஒடியா, இந்தி பேசும் தொழிலாளர் சந்தா கட்டுகிறார்கள், ஆனால் கூட்டமும் நோட்டீசும் தமிழில் மட்டும். அங்கே இரண்டடுக்கு ஒதுக்கீடு வேண்டும். ஒரே ஒரு இடத்தோடு நிறுத்தாதீர்கள், குறைந்தது இரண்டு இடம் கொடுங்கள். தனியாக உட்காருபவருக்கு முன்மொழிய ஆள் கிடைத்தாலும் வழிமொழிய ஆள் கிடைக்காது. மொழிபெயர்ப்புச் செலவைப் பட்ஜெட்டில் முதல் வரியாகப் போடுங்கள்.

ஏற்கெனவே சண்டை முற்றி, காவல் நிலையம் வரை போன சங்கத்தில் ஒதுக்கீட்டோடு, குறுகிய பட்டியலுக்கான 30 நாள் வீட்டோவும் வேண்டும். சுழற்சியை அங்கே கொண்டுபோகாதீர்கள். "எங்க முறை வரட்டும், பார்த்துக்கிறோம்" என்ற காத்திருப்பாக அது மாறிவிடும்.

எந்த வழியானாலும் பைலாவில் சில வரிகள் சேர வேண்டும். ஒதுக்கீடும் வீட்டோவும் இரண்டு தேர்தலுக்குப் பிறகு தானாகக் காலாவதியாகும், வேண்டுமானால் பொதுக்குழு புதுப்பிக்கலாம். செக்கில் கையெழுத்திடும் இருவரும் ஒரே பிரிவைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. எந்த இரண்டு உறுப்பினர் எழுதிக் கொடுத்தாலும் அந்த விஷயம் அஜெண்டாவில் ஏற வேண்டும். பைலா திருத்தத்துக்கு எத்தனை பங்கு ஓட்டு வேண்டும் என்பதை உங்கள் சங்கம் எந்தச் சட்டத்தில் பதிவானதோ அதில் பார்த்துக்கொண்டு, அப்புறம் பொதுக்குழுவைக் கூட்டுங்கள். தேர்தல் முடிந்த அன்றே புதிய கையெழுத்துகளுக்கான தீர்மான நகலை எழுதி எடுத்து, அடுத்த வேலை நாளில் வங்கியில் கொடுத்துவிடுங்கள். பல சங்கங்களில் புதுக் கமிட்டி வந்து ஆறு மாதம் ஆகியும் பழைய பொருளாளர்தான் செக் போட்டுக்கொண்டிருப்பார்.